காத்து கம்மியா இருக்கு

வணக்கமெல்லாம் அப்புறம்தான். முதலில் குனிவார். உங்கள் பின் டயரை வலது கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார். நிமிர்ந்து, உங்களைப் பார்க்காமல், மதுரைத் தெப்பக்குளத்து மைய மண்டபத்தைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்குவார்.

“காத்து கம்மியா இருக்கு தம்பி.”

எவ்வளவு கம்மி என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் யாரும் சீக்கிரம் கிளம்பியதில்லை.

பெயர் வேண்டாம். தேவையும் இல்லை. விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் போய் வருகிற சென்னைக்காரரைக் கேளுங்கள், “ஓ, அவரா” என்பார். கோயம்புத்தூரிலும் ஒருவர் இருப்பார். சைக்கிள் குழு என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஐந்தாவதாக அவர் வந்து குனிந்திருப்பார். எங்கள் ஊர்க்காரரைக் கட்டைவிரல் அண்ணன் என்போம், அவர் காதில் விழாமல்.

மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்ப்பவர்கள் உண்டே, அந்த ரகம்தான். அவர்களையாவது கடைக்காரம்மா வைது அனுப்பிவிடலாம். மானாமதுரைக்குப் போய்க் கடம் வாங்குகிறவர் தட்டிப் பார்க்கிறார் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. கடத்துக்கு நாதம் உண்டு. டயருக்கு இருப்பது எண். பக்கவாட்டிலேயே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். என் டயரில் 50 முதல் 85 பி.எஸ்.ஐ. வரை என்று போட்டிருக்கிறது. ராமேஸ்வரம் பயணத்துக்குக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால், வீட்டு வாசலில், மீட்டர் வைத்த பம்பில் 70 வரை அடித்துவிட்டுத்தான் வந்தேன். முள் 70ல் நின்றதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அறுபதைத் தாண்டிவிட்டால் மனிதக் கட்டைவிரலுக்கு எழுபதும் ஒன்றுதான், தொண்ணூறும் ஒன்றுதான். எல்லாமே கல். இதை அவரிடம் சொல்லியும் பார்த்தேன்.

“மீட்டர் பொய் சொல்லும் தம்பி. விரல் சொல்லாது.”

காற்றடைத்த டயரைத் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்து, 1888ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கிய ஜான் பாய்ட் டன்லப், பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியர். இதைப் படித்த அன்றைக்குத்தான் அண்ணனின் பூர்வீகம் எனக்கு விளங்கியது. சினை மாட்டின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து நாள் சொல்கிற கை அது. டயர் பிறந்த வீட்டிலேயே அமுக்கிப் பார்க்கிற பழக்கமும் பிறந்திருக்க வேண்டும்.

மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தெப்பக்குளத்தில் கூடுவது, மறுநாள் விடியும்போது பாம்பன் பாலத்தின் மேல் நிற்பது. இதுதான் திட்டம். மதுரையில் எல்லாம் உண்டு, கடல் கிடையாது. கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் மிதித்தால் ராமேஸ்வரத்தில் கிடைக்கும். பகலில் போகலாமே என்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து வெயிலைப் பகலில் பார்க்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தச் சாலையில் நிழல் என்று இருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம். அது நிழல் தருவதைவிட முள் தருவதில் தாராளம். அதனால்தான் ராத்திரி.

அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அதாவது அமுக்குவதற்கு இருபத்திரண்டு டயர்கள். தன் டயரை அவர் அமுக்கி நான் பார்த்ததில்லை.

எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது எட்டு நாற்பதுக்குக் கிளம்பினோம். சிலைமானில் ஒரு பையனுக்குச் செயின் கழன்றது. இரண்டு நிமிட வேலை. அதற்குள் அண்ணன் இறங்கி மற்ற பதினோரு வண்டிக்கும் ஒரு சுற்று வந்துவிட்டார். திருப்புவனத்தில் நாங்கள் நிற்கவே இல்லை. அதற்கும் அவரிடம் வழி இருந்தது. பக்கத்தில் ஓட்டிக்கொண்டே வந்து, என் பின்சக்கரத்தின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“ஓரத்துல பிதுங்குது பாரு. காத்து கம்மி.”

டயர் பிதுங்கியதற்குக் காரணம் காற்று இல்லை, 88 கிலோ எடையுள்ள நான். பதினோரு பேர் காதுபட அதை என் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மானாமதுரை டீக்கடையில் விஞ்ஞானம் ஆரம்பித்தது. ராத்திரிக் குளிரில் காற்று சுருங்குமாம். அதனால் சாயங்காலம் அடித்த காற்று நடுராத்திரியில் செல்லாதாம். சுருங்குவது உண்மைதான். மறுக்கவில்லை. டீ ஆறுவதற்குள் போனில் கணக்குப் போட்டேன். 34 டிகிரியில் அடித்தது 23 டிகிரிக்கு வந்தால் எழுபதில் மூன்று பி.எஸ்.ஐ. குறையும். மூன்று! அவரிடம் போனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

“பாத்தியா, கணக்கே சொல்லுதுல்ல? கம்மி.”

இன்றைக்குப் பந்தய வீரர்களே ஒல்லி டயரில் இறுக்கி அடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டார்கள். 23 மில்லிமீட்டரில் ஓட்டியவர்கள் 28க்கும் அதற்கு மேலும் போய், காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். கரடுமுரடான ரோட்டில் கல்லாக அடித்த டயர் துள்ளும். கொஞ்சம் இளக்கமாக இருந்தால் ரோட்டோடு ஒட்டி உருளும். இதையும் சொன்னேன். அவர்கள் ஊர் ரோடு வேறு என்றார். அவர்கள் ஊர் ரோடு நம்முடையதைவிட மழமழப்பு என்பதால் வாதம் எனக்குச் சாதகமாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. அவர் அதற்குள் அடுத்த டயருக்குப் போயிருந்தார்.

மனுஷனிடம் வேறு பழக்கங்களும் உண்டு. மேடு வந்தால் பழைய பாட்டு பாடுவார். ஒளிரும் பச்சைச் சட்டையை டீக்கடைக்குள்ளும் கழற்ற மாட்டார். ஒரே வருஷத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவே என்கிற நெடுந்தூர ஓட்டம் நான்கையும் முடித்து எஸ்.ஆர். பட்டம் வாங்கியதை ஊருக்கு ஒருமுறை சொல்லுவார். அதெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியது. கடலை மிட்டாய் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பரமக்குடி வரை நாலு வழிச்சாலை. அதற்குப் பிறகு ரோடு சுருங்கும், இருட்டு பெருகும். ராத்திரி இரண்டு மணிக்குச் சத்திரக்குடி பக்கம் ஒரு டீக்கடை வெளிச்சம் தெரிந்தது. லாரிக்காரர்களுக்காகத் திறந்திருக்கிற கடை. நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு முகம் கழுவப் போனேன். தண்ணீரை முகத்தில் அடித்த நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டது. புஸ்ஸ்ஸ் என்று, கடைசிவரை தம் பிடித்து, மிச்சம் வைக்காமல்.

ஓடிவந்து பார்த்தேன். அண்ணன் என் பின்சக்கரத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் குட்டிப் பம்ப்.

என் சைக்கிளில் இருப்பது பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. நம் பழைய சைக்கிளின் வால்டியூப் மாதிரி முரட்டு ஜாதி இல்லை. தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுக் காற்றடிக்க வேண்டும். அண்ணனின் பம்பில் ஹோஸை வால்வின் மேல் திருகி மாட்ட வேண்டும். அடித்து முடித்துத் திருகிக் கழற்றினார். கழன்றது ஹோஸ் மட்டும் இல்லை, வால்வின் உள் ஊசியும் சேர்ந்து ஹோஸுக்குள் மாட்டிக்கொண்டு வந்துவிட்டது. வீட்டு வாசலில் நான் பார்த்துப் பார்த்து அடித்த 70ம், அவர் சேர்த்து அடித்ததும், சத்திரக்குடிக் காற்றோடு கலந்துவிட்டன.

“காத்து கம்மியா இருந்துச்சு தம்பி, அதான்...”

“இப்ப?” என்றேன்.

பதில் இல்லை. டீ மாஸ்டர் மட்டும் சிரித்தார்.

ஊசியை ஹோஸிலிருந்து எடுக்கக் குறடு வேண்டும். பன்னிரண்டு பேரிடமும் குறடு இல்லை. கடைசியில் டீ மாஸ்டர் பால் சட்டி இறக்குகிற இடுக்கியைக் கொடுத்தார். அதன் வாய் ஒரு தேங்காயைப் பிடிக்கிற அகலம். ஊசியோ தீக்குச்சி கனம். மூன்று போன் டார்ச் வெளிச்சத்தில், நாலு பேர் யோசனை சொல்ல, இருபது நிமிடம் மல்லுக்கட்டி எடுத்தபோது ஊசி கோணலாக வந்தது. இனி அது வேலைக்கு ஆகாது. பையில் நான் வைத்திருந்த ஒரே மாற்று டியூபை எடுத்தேன்.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணன் லிவர் போடாமல், வெறும் கையால் டயரை ரிம்மிலிருந்து உரித்தார். பழைய டியூபை உருவி ஓரமாக வைத்தார். அப்புறம் டயரின் உள்பக்கத்தில் அந்தக் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று நடத்தினார். கண் எங்கேயோ லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. விரல் மட்டும் தனியாகப் போகிறது. அம்மா அரிசியில் கல் பார்க்கும்போது கை அப்படித்தான் போகும். முக்கால் சுற்றில் விரல் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி நின்றது.

“லைட்டை இங்க அடி.”

ஒரு சீமைக்கருவேல முள். வெளியே முறிந்து, உள்ளே அரிசி முனை அளவுக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி.”

என்ன தெரியும்? எதுவும் தெரியாது. முள் இருப்பது தெரிந்தா பம்பை மாட்டினார்? அந்த முள் இரண்டு மாதமாக அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்திருக்கலாம், டியூபுக்கு ஒரு தொந்தரவும் கொடுக்காமல். ஆனால் என் பேச்சை யார் கேட்பார்கள்? பத்துப் பேரும் அந்த முள்ளைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். செயின் கழன்ற பையன் போட்டோ எடுத்தான். “அண்ணன் மட்டும் பாக்கலன்னா உச்சிப்புளில நின்னிருப்பீங்கண்ணே” என்று எனக்கே புத்தி சொன்னான். குட்டிப் பம்பில் முன்னூறு அடி அடித்துப் புது டியூபுக்குக் காற்று ஏற்றியது அண்ணன்தான் என்பதால், வியர்வையும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. குற்றவாளி தியாகியானார். பாதிக்கப்பட்ட நான் டீக்குக் காசு கொடுத்தேன்.

சத்திரக்குடியை விட்டுக் கிளம்பும்போது மணி மூன்று பத்து.

இனி வேடிக்கை இல்லை. நான் இந்தப் பயணத்துக்கு வந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. பாம்பன் சாலைப் பாலம் கப்பல் போக வழிவிட்டு நடுவில் உயர்ந்து நிற்கும். 1988ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதன் உச்சியில் சைக்கிளோடு நின்று, கீழே 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம், சுற்றிலும் தண்ணீர், எதிரே சூரியன் கிளம்புவது, இதைப் பார்க்க வேண்டும். எத்தனையோ முறை பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், எல்லாம் உச்சி வெயிலில். இதற்காக மூன்று மாதம் திருப்பரங்குன்றம் வரை போய் வந்து காலைப் பழக்கினேன். ஆபீசில் திங்கட்கிழமை லீவும் சொல்லியிருந்தேன். மாசி மாதத்தில் சூரியன் ஆறரை வாக்கில் உதிக்கும். ஆறே காலுக்குப் பாலத்தில் இருந்திருக்க வேண்டிய நான், மண்டபத்துத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருந்தபோது வானம் சிவந்தது, வெளுத்தது, முடிந்தது. பாலத்தில் ஏறியபோது மணி ஏழு பத்து. சூரியன் ஒரு பனை உயரத்துக்கு வந்து, கண்ணைக் கூசவைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தெரிகிற அதே சூரியனாக நின்றது.

பாலத்து உச்சியில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. கீழே வல்லங்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு கடலை மிட்டாய் பொட்டலத்தை நீட்டினார். கடைசி ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டேன். நான் வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் கை, அவரை அறியாமல், அது பாட்டுக்குக் கீழே இறங்கி என் முன்சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்புவதற்கு வேன் பேசியிருந்தோம். ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தால், சைக்கிள்களை எல்லாம் கயிறு போட்டு மேலே கட்டியாகிவிட்டது. அண்ணனைக் காணோம். வேனின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருந்தார்.

வேன் டிரைவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்து கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து மெதுவாக இறங்கி வந்தார். ராத்திரியெல்லாம் நான் கேட்க நினைத்ததை இவராவது கேட்கப் போகிறார் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன். டிரைவர் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கட்டைவிரலால் டயரை ஓர் அமுக்கு அமுக்கினார்.

“ஆமாண்ணே,” என்றார். “கொஞ்சம் கம்மிதான்.”