காலையில் ரேஸ், மதியம் லேப்: கேள்வி - பதில்

காலை நாலு மணிக்கு எழுந்து சைக்கிள் மிதிக்கிறேன். ராத்திரி ரெக்கார்டு எழுதி முடிக்க ஒரு மணி ஆகிவிடுகிறது. ஏதாவது ஒன்றை விடச் சொன்னால் எதை விடலாம்?
*(மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர், கோவை)*

நாலு மணியை விடுங்கள். மூன்று மணி நேரத் தூக்கத்தோடு மிதித்தால் காலுக்கும் பலன் இல்லை, பாடமும் மண்டையில் ஏறாது. பயிற்சியில் உடம்பு களைக்கத்தான் செய்கிறது. அது தேறி வலுப்பெறுவது ஓய்விலும் தூக்கத்திலும்தான். வார நாட்களில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் போதும். நான்கு நிமிடம் மூச்சு முட்ட மிதியுங்கள், நான்கு நிமிடம் தளர்த்துங்கள். இப்படி ஐந்து தடவை. ஞாயிற்றுக்கிழமை ஆற அமர நீண்ட தூரம் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றம் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது!

பெரிய படிப்பும் படித்து, பெரிய ரேஸும் ஜெயித்தவர் யாராவது உண்டா?
*(முதலாமாண்டு மாணவி, திருச்சி)*

ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர். 2016-ல் பார்சிலோனாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அடுத்த ஆண்டு ஒரு தொழில்முறை அணியில் சேர்ந்தார், ஒத்துவரவில்லை, விலகினார். சுவிட்சர்லாந்தின் லோசானில் ஆராய்ச்சியும் கற்பித்தலுமாக இருந்துகொண்டே 2019-ல் ஆஸ்திரியாவின் தேசியச் சாம்பியன் ஆனார்.

2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். பெண்கள் சாலைப் பந்தயம், 137 கி.மீ. தொடங்கியதுமே முன்னே பாய்ந்த சிறு குழுவில் அவர் இருந்தார். கடைசி 40 கி.மீ. தன்னந்தனியாக மிதித்தார். ஒலிம்பிக்கில் வீராங்கனைகள் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. அதனால் 75 விநாடி பின்னால் வந்த நெதர்லாந்தின் ஆனமீக் வான் ஃப்ளூட்டன் தங்கம் தனக்குத்தான் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார். தங்கம் போனது தொழில்முறை அணியும் இல்லாத, பயிற்சியாளரும் இல்லாத கணித ஆசிரியைக்கு. பயிற்சி, உணவு, வெயிலைத் தாங்கும் வழி எல்லாவற்றையும் அவரே திட்டமிட்டார்.

எல்லோருக்கும் இது கைகூடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், இடையில் ஓர் ஆண்டு படிப்புக்காக ஒதுங்கினால் ரேஸ் வாழ்க்கையே முடிந்தது என்று பயமுறுத்துபவர்களிடம் இவர் பெயரைச் சொல்லுங்கள்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் மனம் சைக்கிளில்தான் இருக்கிறது. என்ன செய்ய?
*(இரண்டாமாண்டு மாணவர், சேலம்)*

சைக்கிளிலேயே இருக்கட்டும், அதை வைத்தே படியுங்கள். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 30 கி.மீ. வேகத்திலிருந்து 40-க்குப் போக, காற்றுக்கு மட்டும் இரண்டேகால் மடங்குக்கு மேல் சக்தி கொடுக்க வேண்டும். அந்தத் தடையில் பெரும்பங்கு சைக்கிளால் வருவதல்ல, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உங்கள் உடம்பால் வருவது. காற்றடிக்காத ஒரு விடியலில், வண்டி வராத சமதளச் சாலையில் 40-ஐத் தொட்டு மிதிப்பதை நிறுத்துங்கள். வேகம் எப்படிக் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழங்கையை மடக்கி, தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி மறுபடி செய்யுங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டால் பாடம் கண்முன் நிற்கும்.

இங்கிலாந்தின் டான் பிக்ஹாம் மோட்டார் பந்தயப் பொறியியல் படித்தவர். காற்றோடு போடும் இந்தக் கணக்கையே தொழிலாக்கிக்கொண்டார். 2022 ஆகஸ்டில் ஒரு மணி நேரத்தில் 55.548 கி.மீ. ஓட்டி உலகச் சாதனை படைத்தார். அப்போது அவர் ஒரு பெரிய அணியில் பொறியாளர். அதே அணியின் ஃபிலிப்போ கன்னா அக்டோபரில் 56.792 கி.மீ. ஓட்டி அந்தச் சாதனையை முறியடித்தார். அதற்கான தயாரிப்பிலும் பிக்ஹாமின் கை இருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குழுப் பந்தயத்தில் பிக்ஹாம் வெள்ளியும் வாங்கினார்.

எட்டு கிலோ சைக்கிள் இருக்கிறது. இன்னும் லேசாக வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான். வாங்கித் தரலாமா?
*(ஒரு தந்தை, ஈரோடு)*

வேண்டாம். சர்வதேசப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர், தரமான ஹெல்மெட், தினம் முட்டை பால், ரேஸ் நடக்கும் ஊருக்கு ரயில் டிக்கெட். மகன் வேகமாவது இவற்றால்தான்.

இரண்டு அரியர். அப்பா சைக்கிளைப் பூட்டிவிட்டார்!
*(மாணவர், மதுரை)*

அவர் கவலை நியாயமானது. செமஸ்டர் அட்டவணையையும் ரேஸ் அட்டவணையையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வையுங்கள். பரீட்சைக்கு முந்தைய ஆறு வாரங்களில் ஒரு ரேஸும் இருக்கக் கூடாது. அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை, நாற்பது நிமிடம் கடுமையாக மிதித்தாலே சேர்த்து வைத்த மூச்சுப் பலம் பெருமளவு நிற்கும். அதற்கு மட்டும் சாவியைக் கேளுங்கள். முதலில் அரியரை முடியுங்கள்.

ரேஸுக்குப் போனால் அட்டெண்டன்ஸ் போய்விடுகிறதே?
*(மாணவர், சென்னை)*

அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். மாநில, தேசியப் போட்டிகளுக்கு முன்அனுமதியோடு போனவர்களுக்கு 65 வரை தளர்வு உண்டு. 'முன்' அனுமதி என்பதை மறக்காதீர்கள். போய்வந்து எச்.ஓ.டி. முன்னால் நின்றால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைப்பது கஷ்டம்.

விடுதிக் கதவு ஆறு மணிக்குத்தான் திறக்கிறது. பையன்கள் ஐந்துக்கே சாலையில் இருக்கிறார்கள். நான் எப்படி ரேஸுக்குத் தயாராவது?
*(மாணவி, ஊர் வேண்டாம்)*

நீங்கள் இழப்பது ஒரு மணி நேரம் மட்டுமல்ல. லாரியும் பஸ்ஸும் இறங்காத பத்திரமான ஒரு மணி நேரம். ஆறரைக்குப் பரபரப்பான சாலையில் மிதிப்பதுதான் உண்மையான ஆபத்து. பெற்றோரின் சம்மதக் கடிதம், உடற்கல்வி ஆசிரியரின் கையெழுத்து, கூட மிதிக்கும் தோழிகளின் பெயர், போகும் வழி எல்லாவற்றையும் எழுதி முதல்வரிடம் நேரில் கொடுங்கள். இதைப் படிக்கும் முதல்வர்களுக்கும் வார்டன்களுக்கும் என் வேண்டுகோள்: பயிற்சிக்குப் போகும் பெண்ணுக்கு ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், துணைக்கு ஆள் அனுப்புங்கள், ஆனால் திறந்துவிடுங்கள்.