பக்கத்து நாற்காலி

கேள்வி: பான்ஃப் மலைத் திரைப்பட விழாவின் குறும்படங்களை ஊர் ஊராகத் திரையிடுகிறார்களே! கைப்பேசியில் பார்க்கக்கூடியதை மண்டபத்தில் கூடிப் பார்ப்பானேன்? நாற்காலியில் உட்கார்ந்தால் மன உறுதி வந்துவிடுமா?

பதில்: நாற்காலி யாரையும் மலையேற்றாது, பக்கத்து நாற்காலிக்காரர் ஏற்றக்கூடும்! கனடாவில் 1976-இல் தொடங்கிய அந்த விழாவின் படங்கள் இன்று பல நாடுகளின் சிற்றூர்களுக்கும் போகின்றன. கைப்பேசியில் ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் ஓடும், மண்டபத்தில்தான் "ஞாயிற்றுக்கிழமை மலைக்கு யார் வர்றீங்க?" என்ற கேள்வி பிறக்கும். அந்தப் படங்கள் பேசும் உறுதியும் தனியாள் சொத்தல்ல. பார்வையற்ற எரிக் வைஹன்மேயர் 2001-இல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார், முன்னே சென்றவரின் மணியோசையைக் காதால் பற்றிக்கொண்டு. அதே மலையில் 1975-இல் பனிச்சரிவில் புதைந்த மலையேற்ற வீராங்கனை ஜுன்கோ தாபெயை ஷெர்பாக்கள் மீட்டார்கள். 12 நாள் கழித்து, எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் பெண்ணானார் அவர்.

சாகசப் படங்கள் சாமானியரைச் சிறுமைப்படுத்துகின்றன என்பார்கள். வீரரை மட்டும் காட்டி, மணியோடு முன்னே நடந்தவரை வெட்டிவிடும் படத்துக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால், "அவர் எங்கே?" என்று எழுந்து கேட்கவும் ஒரு கூட்டம் வேண்டுமே! அதனால் திரையிடுவோர் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அரை மணி நேரமாவது பேச விடவேண்டும்.