கேட்கத் தேவையில்லாத பிள்ளை

பத்துமலைத் தைப்பூசத்தில் முடிக்காணிக்கைப் பந்தலைப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பதின்மூன்று வயதுப் பையனை நான்கு பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். மண்டையில் தண்ணீர், பிறகு கத்தி, பிறகு சந்தனம். பக்கத்திலேயே உறுமி. காதைப் பொத்தப் போகும் கைகளைப் பெரியப்பா இழுத்துப் பிடிக்கிறார். "ஏன் அழறான்?" என்றால் அம்மா முந்திக்கொள்கிறார்: "அதெல்லாம் ஒன்னுமில்ல லா, பூசம்னா அவனுக்கு உயிரு!"

விசாரணை முடிந்தது. சாட்சி அம்மா, வக்கீல் அத்தை, நீதிபதி பெரியப்பா. வழக்குக்குரியவன் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

இதே நீதிமன்றம் கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ ஒரு மருத்துவர் அறையிலும் கூடும். கையில், பிள்ளைகளின் மனநிலையை அளக்க ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.கியூ. வினாத்தாள். 25 கேள்விகளில் ஐந்து மனக்கஷ்டத்துக்கு: தலைவலி வயிற்றுவலி, கவலை, அழுகை, புது இடத்தில் பதற்றம், பயம். பெற்றோருக்கு ஒரு தாள். 11 வயதானால் பிள்ளைக்கும் தனித்தாள். "அவனுக்கு என்ன தெரியும்?" என்று அதையும் அம்மாவே நிரப்பிவிடுவார். இரண்டு தாளிலும் ஒரே பதில். ஆகா, என்ன குடும்ப ஒற்றுமை!

தனித்தனியாகக் கேட்டால் தெரியும் சேதி. 1987இல் உளவியலாளர் அக்கென்பாக்கின் குழு இதைப் பற்றிய 119 ஆய்வுகளைத் தொகுத்தது. அம்மாவும் அப்பாவும் போல ஒரே நிலையில் இருப்பவர்கள் சொன்னது 0.60 அளவுக்கு ஒத்துப்போனது (முழு ஒற்றுமை என்றால் 1). பிள்ளை தன்னைப் பற்றிச் சொன்னதும் மற்றவர்கள் சொன்னதும் வெறும் 0.22. அது பொதுவாகப் பிள்ளைகளின் கணக்கு. முகத்தில் காட்டாமல் உள்ளேயே புழுங்கும் ஆட்டிசப் பிள்ளையை மட்டும் நாம் கரைத்துக் குடித்துவிட்டோமாம்!

பெற்றோர் பொய்யர்கள் அல்லர். வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்த காலையைப் பார்த்தவர் அம்மாதான். யாரை நினைத்து அந்த வயிறு வலித்தது என்பது அவனுக்குத்தான் தெரியும். இரண்டு தாளும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. அதைத்தான் நாம் அழித்துத் தொலைக்கிறோம்.

அரசாங்கமும் சளைத்ததல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. அட்டைக்கு ஆட்டிசம் என்பது 'கற்றல் குறைபாடு'. பாடம் ஏறவில்லை, அவ்வளவுதான் குறை!

பத்துமலை வாசலில் 42.7 மீட்டர் உயரத்துக்கு நிற்பவன் யார்? தகப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன பிள்ளை. சிவன் வாய் பொத்திக் கேட்டான். அந்தத் தகப்பன்சாமிக்குக் காவடி எடுத்து 272 படி ஏறுவோம். வீட்டுப் பிள்ளை முனகினால் மட்டும், "சும்மா இரு, பெரியவங்க பேசுறோம்ல!"

பேச்சு வராதா? படம் காட்டுங்கள், போனில் தட்டச்சு செய்ய விடுங்கள், தலையாட்டச் சொல்லுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் தாளில் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். சிகிச்சை யாருக்குத் தேவை என்பதாவது மருத்துவருக்குப் புரியட்டும்.