ஊர், கூட்டுரோடு, ரூம்: ஒரு வகைப்பாடு

இடங்களைக் குறிக்கும் சொற்களுக்காகவே பழைய நிகண்டுகள் இடப்பெயர்த் தொகுதி என ஒன்றை ஒதுக்கின. 1946இல் ரா. பி. சேதுப்பிள்ளை ‘தமிழகம் ஊரும் பேரும்’ எழுதி அத்துறையைச் செழிக்கச் செய்தார். எனினும் ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிலான தொழிற்பேட்டைப் பகுதியில் இன்று வழங்கும் சொற்கள் எந்த நிகண்டிலும் ஏறவில்லை. அவை இங்கே வகைப்படுத்தப்படுகின்றன.

பழைய அடுக்கில் சிக்கல் குறைவு. பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம் முதலிய பாக்கங்கள் சிற்றூர்கள். மங்கலங்கள் பெரும்பாலும் பிராமணருக்குத் தானமாக விடப்பட்டவை. அவற்றுள் மணிமங்கலம், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் இரண்டாம் புலிகேசியை முறியடித்த களங்களில் ஒன்று. சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கிப் பசியாறும் இடம். சுங்குவார்சத்திரத்தில் இப்போது காசில்லாமல் பசியாற முடியாது. இருங்காட்டுக்கோட்டைக்குக் காட்டையோ கோட்டையையோ தேடிச் செல்பவர், 1998 முதல் அங்கிருந்து ஹூண்டாய் கார்கள் வெளிவருவதையே காண்பார். 1017இல் ராமானுஜர் பிறந்ததாக மரபு கூறும் ஸ்ரீபெரும்புதூர் இன்றும் ‘புதூர்’தான். ஆக, ஊர்ப்பெயரின் ஈறு பெயரிட்ட நாளின் நிலவரத்தைச் சொல்லுமே தவிர, பஸ்ஸிலிருந்து இறங்குபவருக்கு உதவாது.

புதிய அடுக்கின் முதற்சொல் ‘சிப்காட்’. இது 1971இல் தொடங்கிய தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். ஓர் அரசு நிறுவனத்தின் பெயர் ஊர்ப்பெயராகுமா என்ற ஆட்சேபம் எழலாம். ‘சிப்காட்ல இறங்கணும்’ என்று ஒருவர் சொல்லி, கண்டக்டர் டிக்கெட்டும் கிழித்துவிட்டால் அது இடப்பெயரே. இலக்கணத்துக்கு வேறு சான்று தேவையில்லை. எந்த சிப்காட் என்பதுதான் தகராறு. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் எனப் பல உண்டு. வல்லமும் வடகாலும் தனித்தனி ஊர்கள். தொழிற்பேட்டைக்காக ஒரு சிறு கோடு இரண்டையும் சேர்த்துவைத்தது.

அடுத்தது ‘கூட்டுரோடு’. சாலைகள் சந்திக்கும் இடத்தில் டீக்கடை, பரோட்டாக் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, ஷேர் ஆட்டோ நான்கும் கூடினால் கூட்டுரோடு நிறைவுபெறுகிறது. வீடு கட்டாயமில்லை. ‘நகர்’, ‘சிட்டி’ என்பவற்றுக்கோ வீடு ஒரு தடையே. கல் நட்டு, தார் ரோடு போட்டு, முகப்பில் ஆர்ச் எழுப்பியதும் வெறும் மனைப்பிரிவு நகராகிறது. வங்கிக்கடன் வசதியும் சேர்ந்தால் சிட்டி. குடியேறியவர் தொகை குறையக் குறையச் சொல்லின் பெருமை கூடுவது இவ்வகையின் தனிப்பண்பு.

அரசின் அளவுகோல் இதற்கு நேர்மாறானது. நகராட்சி, பேரூராட்சி போன்ற சட்டத் தகுதி பெறாத ஓர் இடத்தை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம் என ஏற்க மூன்று நிபந்தனைகள் இருந்தன: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் நெருக்கம், முதன்மை உழைப்பாளர்களான ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல். 2024 ஆகஸ்டில் வல்லம்-வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. அதைத் தனி இடமாகக் கொண்டால் முதலிரு நிபந்தனைகளும் தாராளமாக நிறைவேறும். மூன்றாவதைச் சோதிக்க அங்கே ஆண்கள் இல்லை. எனவே ஒரு பேரூரின் அளவு மக்கள் இரவுதோறும் உறங்கியும், அவ்விடம் கணக்கின்படி நகரம் அன்று; பேச்சுவழக்கின்படி ‘ஹாஸ்டல்’.

இறுதியாக ‘ஊர்’. மற்ற இடங்களில் ஊர் என்பது ஒருவர் வாழும் இடம். இப்பகுதியில் லீவு கிடைத்தால் போகும் இடமே ஊர். ஆண்டு முழுதும் வாழும் இடத்துக்கு ‘ரூம்’ என்று பெயர். அதில் நான்கைந்து பேரும், ஷிப்டு மாறும்போது கைமாறும் ஒரு பாயும் அடக்கம். திருவண்ணாமலைக்காரருக்கும் ஒடிசாக்காரருக்கும் இவ்விதி ஒன்றே. இந்த வகைப்பாட்டில் அடங்காதவர் ஒருவர் மட்டுமே: ஒரகடத்திலேயே பிறந்து, ஒரகடத்திலேயே வேலை பார்ப்பவர். பொங்கலுக்கு ‘ஊருக்குப் போகணும்’ என்று இவர் லீவு கேட்டால், எந்த ஊருக்கு என்று சூப்பர்வைசர் திருப்பிக் கேட்பார். அதற்கான பெயர்ச்சொல் இன்னும் அமையவில்லை.