கோட்டம் எடுத்த கதை

இருபத்தேழு வயதில் சைக்கிளை விட்டு இறங்கி ஸ்கூட்டரில் ஏறியபோது, கும்பகோணத்தில் எங்கள் தெருவே “பையன் முன்னுக்கு வந்துட்டான்” என்றது. அறுபதைத் தாண்டியபின் காரை விட்டு இறங்கிச் சைக்கிளில் ஏறியிருக்கிறேன். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. என்ன, வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் போட்டுச் சொல்கிறது.

வண்டி அப்பாவுடையது. ராலே. நாட்டிங்காமிலிருந்து கப்பலில் வந்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அது அசன்சோலில் சென்-ராலே ஆலையில் செய்தது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவர் சைக்கிள் அட்வான்ஸ் வாங்கி, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்து அடைத்த வண்டி. அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை வங்காளத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை போலும். செயின் வீலில் கொக்குத் தலைகளை வெட்டியிருப்பார்கள். அழுக்குப் படிந்து கொக்கு மறைந்தால் அன்று எனக்குச் சோறு கிடையாது என்பது வீட்டுச் சட்டம்.

அந்த நாளில் சைக்கிளுக்கு நகராட்சி லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் பணம் கட்டி வில்லை வாங்கி வண்டியில் மாட்ட வேண்டும். ராத்திரி விளக்கு இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்துவார், டபுள்ஸ் போனாலும் நிறுத்துவார். அபராதம் போடச் சோம்பலாக இருந்தால் வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிட்டுப் போய்விடுவார். எங்கள் வண்டியில் டைனமோ இருந்தது. 6 வோல்ட், 3 வாட். மிதித்தால் எரியும், நின்றால் அணையும். ஆக, போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திய கணத்தில் விளக்கும் அணைந்து, நாம் குற்றவாளியாகிவிடுவோம். இன்றைக்குக் காரில் சீட் பெல்ட் போடாமல் போகிறவரை விசாரிக்கிற கடுமையைவிட அது அதிகம் என்பேன்.

சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு மணி வாடகைக் கடை இருந்தது. கடைக்காரருக்கு நம் அப்பாவைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார். கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போடுகிற பொடியன்களும் அந்த நோட்டில் உண்டு. அக்கடை மூடி ஒரு தலைமுறை போன பிறகு, 2019-இல் சென்னையில் செயலி வழியாக வாடகைச் சைக்கிள் வந்தது. ஓடிபி, பணப்பை, ஜிபிஎஸ் எல்லாம் கேட்டார்கள். அப்பாவை மட்டும் கேட்கவில்லை.

அக்காவைச் சைக்கிளைத் தொட விடவில்லை. வயசுப் பெண் சைக்கிள் விட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்பது பாட்டியின் கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது அக்கா அதே மாவட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கற்றுக்கொண்டாள், எங்களிடம் சொல்லவில்லை. பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. பாட்டி அதைப் பார்க்க இல்லை.

ஊர் வீட்டைக் காலி செய்தபோது கொல்லையில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ராலே கிடைத்தது. தோல் சீட்டை எலி தின்றிருந்தது. பார்சல் லாரியில் சென்னைக்கு வந்தது. என் மகனுக்கு ஒரு சைக்கிள் உண்டு. கார்பன் ஃபிரேம், 8 கிலோ, 22 கியர். கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறான். அப்பா காலத்தில் அந்த இடத்தில் சாமி படம் இருக்கும். “ரெஸ்டோர் பண்ணிடலாம்பா” என்று என்னைத் தன் கடைக்கு அழைத்துப்போனான். ஏசி, காப்பி, சுவரெல்லாம் டூர் டி பிரான்ஸ். அங்கிருந்த பையன் என் வண்டியின் கிராங்கைக் குனிந்து பார்த்தான். காட்டர் பின்னை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. “இதுக்கு எங்ககிட்ட டூல் இல்ல அங்கிள்” என்றான் மரியாதையாக.

டூல் என்பது ஒரு சுத்தியலும் இரும்புக் குழாயும். இரண்டும் மேம்பாலத்துக்கு அடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தவரிடம் இருந்தன. நட்டைப் பின்னின் முனை மட்டத்துக்குத் தளர்த்தினார். குழாயைக் கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். ஒரே அடி, பின் இறங்கிவிட்டது. முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி உள்ளே இருக்கும் பால்ஸில் போய் இறங்கும், கப்பு பள்ளம் விழும். பயந்து பயந்து அடித்தால் பின் வளைந்து அங்கேயே குடியிருக்கும். உள்ளே பக்கத்துக்கு 11 பால்ஸ், கால் அங்குலம். எல்லாவற்றையும் கொட்டிப் புதிதாகப் போட்டு, கிரீஸ் அப்பி மூடினார். ஓவராயில் செய்ய மண்ணெண்ணெய் எங்கே என்றேன். “அதெல்லாம் இப்ப யார் சார் கண்ணுல பாக்குறா? டீசல்தான்” என்றார்.

பிறகு கோட்டம் எடுத்தார். பின் சக்கரத்துக்கு 40 கம்பி, முன் சக்கரத்துக்கு 32. பாரம் பின்னால் என்பதால் பழைய இங்கிலீஷ் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு. சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்தார். கோடு விழுகிற இடம் பிதுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் வேறோர் இடம் பிதுங்கும். அரசாங்கக் கோப்பு மாதிரிதான். அவர் அவசரப்படவில்லை, பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவரோடு வீட்டு வாடகை பற்றிப் பேசிக்கொண்டே, கோடு விழாமல் சக்கரம் சுழலும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

உதிரிபாகம் கிடைக்குமா என்று மகன் இணையத்தில் தேடிக்கொண்டிருந்தான். மேற்கே இந்த 28 x 1½ டயருக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்களாம். மெக்கானிக் தெருமுனைக் கடைக்குப் பையனை அனுப்பி, டயர், ட்யூப், பிரேக் கட்டை எல்லாம் வாங்கி வரச் சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. இந்த வண்டி இங்கே இன்னும் வழக்கொழியவில்லை, எங்களைப் போன்றவர்களின் கண்ணிலிருந்துதான் ஒழிந்திருக்கிறது. மகனுடைய சைக்கிளில் கியர் கொக்கி ஒன்று உடைந்தபோது, அது வெளிநாட்டிலிருந்து வரும்வரை சுவரில்தான் தொங்கியது.

ஓட்டிப் பார்த்தால் ராலே மாறவில்லை. இருபது கிலோவுக்கு மேல் கனம், ஒரே கியர். கும்பகோணத்தில் ஏற்றம் என்றால் காவிரிப் பாலம்தான், அதற்கு எழுந்து நின்று மிதித்தால் போதும். சென்னையில் திரும்பிய இடமெல்லாம் மேம்பாலம். கம்பி பிரேக் ரிம்மின் உள்பக்கத்தைக் கவ்வும். மழையில் அது பிரேக் அல்ல, வேண்டுகோள். மகனின் குழுவோடு விடியற்காலை ஈசிஆரில் போனேன். எல்லோரும் கண்ணாடியும் தலைக்கவசமும் இறுக்கமான உடுப்புமாக வந்திருந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டாமல் பேன்ட் போட்டிருந்ததே என் தரப்பு நவீனம். என் வண்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். எங்களைக் கடந்து மீன் கூடையோடு ஒருவர் இதே மாதிரி வண்டியில் போனார். அவரை யாரும் படம் எடுக்கவில்லை. அவரும் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை, வியாபார நேரம்.

எங்கள் குடியிருப்பின் காவலாளி மேடவாக்கம் தாண்டி எங்கிருந்தோ சைக்கிளில்தான் வேலைக்கு வருகிறார். கறுப்பு வண்டி, கம்பி பிரேக், கேரியர். அதை ஜெனரேட்டருக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், பார்வையாக இல்லையாம். என்னுடையதை லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று சங்கச் செயலாளர் சலுகை கொடுத்தார். “ஓட்டறதை நிறுத்தினீங்கன்னா சொல்லுங்க சார், லாபியில செடித்தொட்டி வைக்க நல்லாருக்கும்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் காவலாளி வந்து என் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பெல்லை ஒருமுறை அடித்தார். எவ்வளவு ஆச்சு என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“என்னோடதைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே சார். நான் டிவிஎஸ் எடுக்கலாம்னு இருக்கேன்.”

சைக்கிள் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஆரம்பித்தேன். முழங்கால், இதயம், சர்க்கரை என்று வரிசையாக வந்தது. “ஆமா சார், ஆமா சார்” என்று பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டுமாம்.

போட்டுக்கொடுத்தேன். படிவத்தில் ஜாமீன்தாரரின் சொந்த வாகனம் என்று ஒரு கட்டம் இருந்தது, அடைப்புக்குள் இரண்டே வகை: இருசக்கரம், நான்கு சக்கரம். இருசக்கரத்தில் டிக் அடித்தேன். ராலேவா, என்ன மாடல் சார் அது, ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் எழுதணுமே என்று மறுநாள் பைனான்ஸ் கம்பெனியிலிருந்து போன் வந்தது. கார் நம்பரைக் கொடுத்தேன். கடன் சாங்க்ஷன் ஆகிவிட்டது.