கபிலருக்கு அப்பா பரணரா?

வா தாயி, உக்காரு. பழைய அச்சுப் புத்தகத்தக் கம்ப்யூட்டருக்குப் படிக்கக் கத்துக்குடுக்குற பெரிய ஆராய்ச்சிக்காரி நீ. நூற்பட்டியல் மட்டும் சொன்ன பேச்சு கேக்கலைன்னு, ஈய எழுத்துக் கோத்துக் கைரேக தேஞ்ச இந்தச் சிவகாசிக் கெழவங்கிட்ட வந்திருக்க. சந்தோசம். எங்க காலத்துல பட்டியல் நடுவுல ஒரு பேரு விட்டுப்போச்சுன்னா, அதுக்குக் கீழ உள்ள நம்பர் அம்புட்டையும் பிரிச்சு மாத்தணும். பெறகு புத்தகத்துக்குள்ள போயி ஒவ்வொரு பக்கமாத் தேடி மாத்தணும். அந்தச் சோலியே ஒனக்கு வேணாம்னு, லேடெக் செஞ்ச லெஸ்லி லாம்போர்ட்டும் ஓரன் பட்டாஷ்னிக்குமாச் சேந்து 1985-லயே பிப்டெக்கச் செஞ்சு வச்சிட்டாக. அதையும் மீறி எப்படித் தப்பு விடுறதுன்னு நீ நல்லாவே பழகியிருக்க. அதுல கொஞ்சம் நானும் ஒத்தாச பண்ணுறேன், கேட்டுக்க.

மொத காரியம், கூகுள் ஸ்காலர் குடுக்குறத அப்படியே அள்ளிட்டு வந்து பிப் கோப்புல கொட்டிரு. பிரிச்சுப் பாக்கவே பாக்காத. ஒரே கட்டுரைய ரெண்டு வேற சாவிப் பேருல ரெண்டு தடவ கொட்டுனா இன்னும் விசேசம், பட்டியல் நீளமாத் தெரியும்ல.

அடுத்தது எழுதுனவுக பேரு. ரெண்டு பேருக்கு நடுவுல இங்கிலீசு 'அண்ட்' போடணும்னு கைப்புத்தகத்துல எழுதியிருக்கும். நீ அதையெல்லாம் மதிக்கப்படாது, கமா போடு. பேரச் சுருக்குற 'அப்ரவ்' பாணியில, 'கபிலர், பரணர்'னு இங்கிலீசுல போட்டா என்ன ஆகும் தெரியுமா? கமாவுக்கு முன்னால உள்ளது குடும்பப் பேரு, பின்னால உள்ளது சொந்தப் பேருன்னு எடுத்துக்கிட்டு, ரெண்டு புலவரையும் ஒரே ஆளாக்கி 'ப. கபிலர்'னு நிப்பாட்டிரும். நம்ம ஊர்ல இனிஷியல்னா அப்பா பேருதான? ஆக, பரணருக்கு ஒரு மகன் பொறந்தாச்சு. சங்க இலக்கியத்துல இம்புட்டுப் பெரிய கண்டுபிடிப்ப எவன் பண்ணியிருக்கான்? இதுக்கே ஒனக்குப் பட்டம் குடுக்கலாம்.

1887-ல சீவக சிந்தாமணிய அச்சுல ஏத்துன மனுசனையும் நீ விட்டுவைக்கல. 'யு. வி. சுவாமிநாத ஐயர்'னு இங்கிலீசுல ஓட்டமா எழுதி, அதே 'அப்ரவ்' பாணியப் போட்டிருக்க. அதுக்குக் கடைசி வார்த்த எதுவோ அதுதான் குடும்பப் பேரு. மிச்சத்த எல்லாம் மொத எழுத்தாச் சுருக்கிரும். வந்து நிக்கிறாரு 'யு. வி. எஸ். ஐயர்', அதுவும் ஐ வரிசையில. கும்பகோணம் காலேஜு வாத்தியார வரகனேரி வ.வே.சு. ஐயருக்குப் பங்காளியாக்கிட்ட. 'சுவாமிநாத ஐயர்' மொதல்ல, ஒரு கமா, அதுக்குப் பெறகு 'யு. வி.'ன்னு எழுதியிருந்தா, பெரியவரு பேரு முழுசா நின்னிருக்கும். ஒரு கமா தாயி. போடக்கூடாத எடத்துல போட்ட, போட வேண்டிய எடத்துல விட்ட.

கட்டுரத் தலைப்புல 'தமிழ் ஓசிஆர்'னு இங்கிலீசுல பெரிய எழுத்துல போட்டியாம், அது சின்ன எழுத்தா வந்திருச்சாம். 'அப்ரவ்' பாணிக்குப் புத்தகத் தலைப்புன்னா மரியாத உண்டு, கட்டுரத் தலைப்புன்னா மொத எழுத்தத் தவிர மத்ததெல்லாம் குனிஞ்சிரணும். நிமிந்து நிக்க வேண்டிய வார்த்தைய நெளிவு அடைப்புக்குள்ள வையி, வேல முடிஞ்சது.

நோசைட்டுக்குள்ள நட்சத்திரத்தப் போட்டு, கோப்புல உள்ள அத்தனையையும் பட்டியல்ல ஏத்துனதுதான் ஒன் வேலையிலயே உச்சம். கல்யாணத்துக்கே வராதவுக பேரையும் மொய் நோட்டுல எழுதிவச்ச மாதிரி. வைவா அன்னைக்கு வெளியூர்ப் பேராசிரியர் அதுல ஒண்ணத் தொட்டு, "இந்தக் கட்டுர என்ன சொல்லுது?"ன்னு கேப்பாரு. அப்ப மேல ஃபேனப் பாத்துக்கிட்டு இரு.

நாலாம் அத்தியாயத்துல மேற்கோள் நம்பர் வர வேண்டிய எடத்துல கேள்விக்குறியா நிக்குதே, அது அச்சுப்பிழ இல்ல. லேடெக் ஒரு தடவ ஓடி, யாரெல்லாம் வேணும்னு ஆக்ஸ் கோப்புல எழுதி வைக்கும். பிப்டெக் அதப் பாத்துப் பட்டியல் கட்டும். லேடெக் மறுபடி ஓடிப் பட்டியல உள்ள சேக்கும். மூணாந்தடவ ஓடுனாத்தான் நம்பர் போயி உக்காரும். ஓவர்லீஃப்ல பச்சப் பொத்தான அமுக்குனா இம்புட்டும் தானா நடக்கும். அப்பயும் கேள்விக்குறி நிக்குதுன்னா நீ சாவிப் பேரத் தப்பா அடிச்சிருக்க.

தமிழ்லயே பேரு போடணும்னா மட்டும் வெளையாடாத. தமிழ்ல ஒரு எழுத்து கொறஞ்சது மூணு பைட்டு. பழைய பிப்டெக் அதுல மொத பைட்ட மட்டும் நறுக்கி இனிஷியல்னு நீட்டும், அச்சுல எழுத்தே வராது. பிப்லேடெக்கும் பைபரும் வச்சுக்க, தமிழ் அகரவரிசையும் ஒழுங்கா வரும்.

என்னது, ஆராய்ச்சி தொண்ணூத்தொம்போது சதவீதம் முடிஞ்சிருச்சா? நல்லது. பிப்டெக்கும் 1988-ல 0.99சி வரைக்கும் வந்திருச்சு. 1.0 இந்தா வருதுன்னாக. 2010-ல ஒண்ணு வந்துச்சு, பாத்தா 0.99டி. ஆமா, ஒங்க கைடு ரிட்டையர் ஆக இன்னும் எத்தன வருசம் இருக்கு?