பள்ளிக்கூடத்துல படுக்கப் போறவருக்கு

வா வாப்பா, இரி. கல்யாணம் முடிச்சி நாப்பது நாள் ஆகல்ல, அதுக்குள்ள பொஞ்சாதியக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துல போய்ப் படுக்கணும் எண்டு ஆசை வந்திரிக்கியாம். நல்ல ஆசை. உன்ட வாப்பா பிரம்பெடுத்துப் பின்னால ஓடி வந்த பத்து வருசத்துல ஒரு நாளாவது நீ அங்க ஆசையாப் போனதில்ல.

முதல்ல ஒண்டு. ‘பள்ளிக்கூடம்’ எண்டு முழுசாச் சொல்லிப் பழகு. நேத்து நீ உன்ட மாமிக்கிட்ட "பழைய பள்ளியொண்டுல ரூம் போடப் போறன்" எண்டாயாம். மனிசி பள்ளிவாசல் எண்டு நினைச்சி, மரைக்காயர்மாருக்கு ஆளனுப்பப் பாத்திரிக்கா.

போன்ல நீ காட்டின படத்தப் பாத்தன். அமெரிக்காவுல ஓரிகன் மாகாணம், பெண்ட் எண்ட ஊரு. லூக் ஷீஹன் எண்ட ஐரிஷ் பாதிரியார் 1936ல திறந்த கத்தோலிக்கப் பள்ளிக்கூடம், செயின்ட் பிரான்சிஸ். பள்ளிக்கூடம் வேற இடத்துக்கு மாறின பிறகு ஒரு கம்பெனி எடுத்து 2004ல ஹோட்டலாத் திறந்திரிக்கி. வகுப்பறையெல்லாம் படுக்கையறை. உள்ளுக்கே சினிமாத் தியேட்டர், பியர் காய்ச்சிற இடம், துருக்கிக்காரன்ட பாணியில பெரிய தண்ணித் தொட்டி. அதப் பாத்ததும் எனக்கு நம்மட பள்ளிவாசல் ஹவுளு ஞாபகம் வந்த. ஒழு எடுக்கிறதுக்கோ எண்டு கேட்டன். இல்லையாம், ஊறிக் கிடக்கிறதுக்காம். அதே கம்பெனி போர்ட்லண்ட் நகரத்துல 1915ம் ஆண்டுப் பள்ளிக்கூடம் ஒண்டையும் ஹோட்டலாக்கி, கரும்பலகையக் கழட்டாம விட்டு வைச்சிரிக்கி. அங்கத்த ஒரு மதுச்சாலைக்கி, புள்ளையளத் தண்டனைக்கி மறிச்சி வைக்கிற அறையிட பேரு. நியூ ஓர்லியன்ஸ்ல இன்னொருத்தன் 2018ல கோயில், பள்ளிக்கூடம், கன்னியர் மடம், பாதிரியார் வீடு எல்லாத்தையும் சேத்து 71 ரூம் ஆக்கினான். மதர்மார் முழங்கால்ல நிண்ட இடத்துல இப்ப ஆக்கள் காலை நீட்டிக் கிடக்கிறாங்க.

ஏழாம் வகுப்புல கணக்குப் பாடத்துல கண்ணயந்ததுக்கு என்னை வாங்குல ஏத்தி நிப்பாட்டினார் ஒரு வாத்தியார். பாவம், மனிசனுக்கு வியாபாரம் தெரியல்ல. வாடகை கேட்டிரிக்கலாம்.

போறதெண்டா சிலது கேட்டுக்க. வகுப்பறைக்கி ஜன்னல் உசரத்துலதான் வைப்பாங்க, புள்ளையள் வெளிய பாக்கப்படாது எண்டு. காட்சி பாக்கக் காசு கட்டினா வானம்தான் தெரியும். விறாந்தை நீளம். கடைசி ரூம்ல ஒருத்தன் இருமினா முதல் ரூம்ல உனக்கு நித்திரை போகும். கக்கூசு ரூமோட இரிக்கிதா எண்டு கட்டாயம் கேளு. பள்ளிக்கூடம் கட்டினவன் அத மைதானத்துக்கு அங்கால வைக்கிற ஆளு.

ஆனா உன்ட ஆசை எனக்கு விளங்குது. நம்மட ஊருல மாப்பிள்ளையா வாறவன் பொஞ்சாதிட வீட்டுலதான். நானும் அப்படித்தான், உன்ட வாப்பாவும் அப்படித்தான். அம்பது வருசத்துக்குக் கிட்ட நான் இந்த வீட்டுல இரிக்கன். ஓட்டுக்குக் கீழ எண்ட பேருல ஒரு செங்கல் இல்ல. நீ காசு கட்டி எடுக்கிற ரூம்தான் உன்ட பேருல திறக்கிற முதல் கதவு. அதுக்காக நம்மட கார்மேல் பற்றிமாப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ரூம் இரிக்கோ எண்டு கேட்டிராத. அங்க இன்னும் மணி அடிக்குது.

நானும் பள்ளிக்கூடத்துல தங்கின ஆளுதான். ரெண்டு தரம். முதல் தரம் 1978 நவம்பர் 23, சூறாவளி. புது மாப்பிள்ளை நான், உன்னைப் போலதான். ராவெல்லாம் கூரை பறக்க, விடியக்குள்ள மாமாட குடும்பத்தோட பள்ளிக்கூட விறாந்தையில ஈரச் சாரத்தோட நிண்டன். ரெண்டாம் தரம் 2004 டிசம்பர் 26, சுனாமி. பெண்ட் ஊருப் பள்ளிக்கூடம் ஹோட்டலான அதே வருசம், கணக்குப் பாத்துக்க. அவங்களுக்கு ரூம் திறந்த வருசந்தான் நமக்கும் திறந்த.

நாலு டெஸ்க்க இழுத்துச் சேத்து மேல பாய போட்டா கட்டில். ஒரு வகுப்புல பதினொரு குடும்பம். நடுவுல கயிறு கட்டி சாரி தொங்கவிட்டா சுவர். சோறு பார்சல்ல வரும், எந்த நேரம் எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கரும்பலகையில கிராம சேவகர் வெண்கட்டியால குடும்பத் தலைவன் பேரும், நேர எத்தனை பேர் எண்டும் எழுதினார். எங்கட பேருக்கு நேர 5. உன்ட வாப்பாவக் காணல்ல. மூணாம் நாள் அசருக்குப் பிறகு, அவர் அக்கரைப்பற்றுல சொந்தக்காரர் வீட்டுல இரிக்கிறார் எண்டு சொல்லி ஆள் வந்த. மூத்தும்மா ஒண்டும் பேசல்ல. எழும்பிப் போய் விரலால அந்த 5ஐ அழிச்சி, கீழ கிடந்த வெண்கட்டித் துண்டால 6 எண்டு எழுதினா. அவ எழுதி நான் கண்டது அது ஒண்டுதான். ஆறு கொஞ்சம் சாஞ்சி கிடந்த.

அப்ப நீ வாசல்ல நிண்டு பிஸ்கட்டுக்கு அழுதாய். ஆறு வயசு. அதால, பள்ளிக்கூடத்துல தங்கினது இல்ல எண்டு பொஞ்சாதிக்கிட்ட புளுகாத. உனக்கு இது ரெண்டாம் தரம்.

அமெரிக்காவுக்கு விசா கிடைக்கிற மட்டும் காத்திராம, பதுளைப் பக்கம் ஏறிப் போ. அப்புத்தளையில அடிசம் எண்டு ஒரு கல்லு பங்களா. தோமஸ் வில்லியர்ஸ் எண்ட வெள்ளைக்காரத் துரை 1931ல கட்டினது. தகப்பன் பாதிரியாரா இருந்த இங்கிலாந்துக் கிராமத்துப் பேரையே வைச்சார். 1960களில பெனடிக்டைன் துறவிமாருக்கிட்ட வந்த, இண்டைக்கும் அவங்கட மடம்தான். வெள்ளைக்காரன் வாசிச்ச புத்தக அறையும் அலுமாரியும் அப்படியே கிடக்கு. சனி, ஞாயிறு, போயா, பள்ளிக்கூட விடுமுறைக்கி ஆக்களப் பாக்க விடுவாங்க. தங்கிறதுக்கும் கொஞ்சம் ரூம் உண்டு, முன்கூட்டிக் கேக்கணும். பெண்ட்ல பள்ளிக்கூடம் போன பிறகு விருந்தாளி வந்தான்; இங்க துரை போன பிறகு மடத்துக்காரங்க வந்தாங்க. எனக்கு இதுதான் புடிச்சிரிக்கி.

ஒரே கஷ்டம், அங்க சத்தம் போடப்படாது. உன்ட வாய்க்கி ஒரு ராவு தாங்கிறது பெரிய விசயம். போன் மணியையும் நிப்பாட்டிக்க.

அந்தத் துறவிமார் ஸ்ட்ராபெரி ஜாம் காய்ச்சி விக்கிறாங்க. வரக்குள்ள ரெண்டு போத்தல் வாங்கி வா. ஒண்ட மூத்தும்மாட கையில குடு. மத்தத எண்ட தலைமாட்டுல வை. எனக்கு சீனி வருத்தம் எண்டு அவ கிளினிக் கொப்பியையே மனப்பாடம் பண்ணி வைச்சிரிக்கா.